ஆட்டு முட்டியும் செல்வியின் காலும்

“நூத்தி எட்டு… நூத்தி ஒம்போது… நூத்திப் பத்து…”

கன்னியப்பன் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

பட்டறையின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை. அதன் வழியே காலை வெயில் ஒரு குச்சி போல இறங்கியிருந்தது. எடைக்கல் அந்த வெயிலுக்குள் போகும், பளிச்சென்று மின்னும், வெளியே வரும், சாம்பலாகும். போகும், மின்னும், வரும். ஒரகடம் சாலையில் எப்போதாவது ஒரு லாரி. மற்றபடி ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றும் ஈர மண் வாசனையும்தான்.

எடைக்கல் தொங்கியது ஓர் ஆட்டின் முழங்காலில்.

கீழ்க்கால் எலும்பு மேசையில் பூட்டிய வைஸின் இரும்புப் பிடியில் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் தொடை எலும்பின் உருண்டை முனை உட்கார்ந்திருந்தது. ‘ப’ எழுத்தைப் போல ஓர் இரும்புச் சட்டம் தொடை எலும்பிலிருந்து இருபுறமும் இறங்க, அதன் அடியில் எடைக்கல். விரலால் ஒரு தடவை தள்ளிவிட்டதோடு சரி. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னா மேடம் இது?” என்றார் கன்னியப்பன். “பால் பேரிங்கு கெடையாது, கிரீசு கெடையாது. செத்த ஆட்டுக் காலு. நிக்கவே மாட்டேங்குது!”

“எண்ணிக்கையை விட்டுட்டீங்களே.”

நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் எடைக்கல்லைப் பிடித்து நிறுத்தினேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

எலும்பு டாக்டரான எனக்கு அங்கே என்ன வேலை?

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். ‘ஞாயிற்றுக்கிழமைகளில் லேத் பட்டறைக்குப் போவேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்களே’ என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். அவர் கோபம் நியாயம்.

அது தொண்ணூற்றொன்று. அந்த ஆண்டின் கோடையில் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. அதை எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதற்குப் பிந்திய மழைக்காலம். ஊர் வழக்கமான முகத்துக்குத் திரும்பிவிட்டிருந்தது. கோயில் தெருவில் கோலம், பஸ் நிலையத்தில் சேறு, நெடுஞ்சாலையில் லாரிகள்.

நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன தனியார் மருத்துவமனை. அதில் நான் இளைய எலும்பு மருத்துவர். வயது இருபத்தெட்டு. சென்னையில் மேற்படிப்பு முடித்திருந்தேன். முடித்திருந்தேன் என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. ஆய்வேட்டை மட்டும் ‘அளவீடுகள் போதாது’ என்று திருப்பியிருந்தார்கள். என் தலைப்பு மூட்டுக் குருத்தெலும்பு. அது எவ்வளவு வழுக்குகிறது, எவ்வளவு அமுங்குகிறது, ஏன் என்பதுதான் கேள்வி.

அளப்பதற்குக் கருவி வேண்டும். மருத்துவமனையில் கத்தி கத்தரியை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவையே கயிறு கட்டி மூடிவந்தோம். கருவிக்கு எங்கே போவது? அப்போதுதான் கை விரல் நசுங்கித் தையல் போட வந்தார் கன்னியப்பன். ஒரகடம் போகிற சாலையில் ஒற்றை லேத்தும் ஒரு துளைபோடும் இயந்திரமும் வைத்து, கம்பெனிகளுக்கு புஷ் என்கிற உலோக வளையங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தொட்டவர். நான் தையல் போடும்போது, “ஊசிய ஏன் மேடம் இப்டி வளைச்சு வெச்சுக்கீறாங்கோ?” என்று கேட்ட ஒரே நோயாளி. அவரிடம் எனக்கு வேண்டிய கருவியை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அடுத்த வாரம் சட்டம் தயாராகிவிட்டது.

மூட்டுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு விடிந்ததும் கறிக்கடை பாயிடம் போய் நிற்பேன்.

“ஒடைச்சுத் தரட்டா டாக்டரம்மா?”

“உடைக்காதீங்க பாய். முழுசா வேணும்.”

“முழுசாப் போட்டா சூப்புல சாறு எறங்காதும்மா,” என்பார், என் சமையல் அறிவை நினைத்து வருந்துபவராக.

வெள்ளை

எனக்குக் குருத்தெலும்பு அறிமுகமானது கல்லூரியில் அல்ல. நாகர்கோவிலில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். குழம்பில் கிடக்கும் எலும்பின் நுனியில் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு தொப்பி இருக்குமே, அதுதான். நானும் என் தம்பியும் அதற்காகச் சண்டை போடுவோம். கடித்தால் நறுக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் சண்டை.

பிறகு நுண்ணோக்கியில் அதன் வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு அமைதி. ரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. நரம்பு இல்லை. உயிரணுக்கள் ஒன்றை ஒன்று தொடாமல், ஆளுக்கொரு குழியில், தூங்குகிறவர்கள்போலக் கிடந்தன. மிச்சமெல்லாம் நாரும் தண்ணீரும். முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆழத்தில் நார்கள் செங்குத்தாக எழுந்து, மேலே வர வர வளைந்து, பரப்பில் பாய் விரித்தாற்போலப் படுத்துவிடும். நார்களுக்கு நடுவே தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பசை. 

நாம் காலை ஊன்றும்போது பாரம் முதலில் விழுவது இந்தத் தண்ணீர்மீது. தண்ணீர் சட்டென்று வெளியேற வழியில்லாமல் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. காலைத் தூக்கினால் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தமே போகாத அந்த இடத்துக்குச் சாப்பாடு போவதும் இந்தப் போக்குவரத்தில்தான். 

‘மூட்டு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கு மூட்டுகிறோம், அடுப்பு மூட்டுகிறோம். ஒன்று சேர்ப்பது, இன்னொன்று எரிய வைப்பது. முழங்கால் வலியோடு வருகிறவர்கள் இரண்டு பொருளையும் ஒப்புக்கொள்வார்கள். ஸ்ரீபெரும்புதூரில் அதை முட்டி என்றார்கள். “முட்டி நோவுது டாக்டரம்மா.” என் ஊரில் அது முட்டு. வந்த புதிதில் நான் “முட்டு வேதனையா?” என்று கேட்க, ஒருவர் சுவரில் முட்டிக்கொண்டதாக நினைத்துத் தலையைத் தடவிக் காட்டினார்.

மையம் நகர்கிறது

கன்னியப்பனுக்கு ஆட்டு முட்டி பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு முன்பே பட்டறையைத் திறந்து, எலும்பு காய்ந்துவிடாமல் தெளிக்க உப்புத் தண்ணீர் கலக்கி வைத்திருப்பார்.

ஒருநாள் தானாகவே ஒரு வேலை செய்திருந்தார். இரண்டு இரும்புப் பரப்புகள் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று பார்க்கப் பட்டறைகளில் மார்க்கிங் நீலம் தடவுவார்கள். அந்த நீலத்தை ஆட்டின் தொடை எலும்பு முனையில் தடவி, மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, ஒவ்வொரு நிலையிலும் கீழ்க்கால் எலும்பில் ஒட்டிய நீலத்தைப் பார்த்திருக்கிறார்.

“மேடம், இத்த கீலுன்னு சொன்னீங்களே, கீலு இல்ல. கதவுக் கீலுன்னா ஒரே எடத்துல சுத்தும். இது உருளுது, அப்பால வழுக்குது. சுத்துற மையம் நகுந்துக்கினே போவுது. காலு முழுசா நீளும்போது கடைசியில பாருங்க, ஒரு முறுக்கு. ஸ்குரூவ டைட் பண்ற மாதிரி.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் நீளும்போது கடைசியில் முறுக்கிப் பூட்டிக்கொள்வதைப் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்திருந்தேன். அதை நான் பார்த்ததேயில்லை.

“நடுவுல பிறை மாதிரி ரெண்டு கீதே, அது வாசரா?”

“கிட்டத்தட்ட. உருண்டையும் தட்டையும் பொருந்தணும் இல்ல? பாரத்தைப் பரப்பிக் கொடுக்குது.”

“அத்த யாரு போட்டான்?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, லேத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் ஓர் அரைத்தூக்கம் வருகிறது. மழை விட்ட காலை. எண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்த வாசனை. கூரையிலிருந்து சொட்டுவதும் எடைக்கல் ஆடுவதும் சில சமயம் ஒரே தாளத்துக்கு வந்து, பிறகு பிரிந்து போகும். 

அப்படி ஒரு காலையில்தான் நாங்கள் மை சோதனையும் செய்தோம். ஒரே மூட்டிலிருந்து இரண்டு குருத்தெலும்புத் துண்டுகள். இரண்டும் சிவப்பு மை கலந்த உப்புத் தண்ணீரில். ஒன்று சும்மா கிடந்தது. இன்னொன்றை அவர் ஒரு நெம்புகோல் வைத்து அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். கை வலிக்கும் மட்டும் செய்தோம். பிறகு பிளேடால் இரண்டையும் குறுக்கே வெட்டினேன். அமுக்கி விட்டதில் சிவப்பு சற்று உள்ளே இறங்கியிருந்தது. சும்மா கிடந்ததில் மேலாகவே நின்றிருந்தது.

மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. கன்னியப்பன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

மாவுக்கட்டு

அடுத்த சில நாட்களில் கன்னியப்பனின் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

செல்விக்கு அப்போது முப்பது சொச்சம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் தோல் தைக்கும் லைனில் வேலை. வலது காலால் பெடல் மிதிக்க வேண்டும். மாலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தவளின் வலது முட்டியில், வெளிப்பக்கமாக, ஒரு மொபெட் மோதியிருந்தது. முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. வலியில் அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “செருப்ப எங்க உட்டேன்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரேயில் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு, வெளிப்பக்கம், உடைந்து கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. உடம்பின் பாரம் வந்து உட்காருகிற இடம் அதுதான். இந்தக் காலத்தில் தகடு வைத்துத் தூக்கி நிறுத்திவிடுவோம். அன்று எங்களிடம் அதற்கான வசதி இல்லை. சென்னைக்குப் போகச் செல்வி மறுத்தாள்.

எங்கள் பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். கண்டிப்பானவர், கை சுத்தமானவர். “தொடையிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. மூணு மாசம்,” என்றார். தொடை முதல் கணுக்கால் வரை நானேதான் போட்டேன். மாவு இறுகும்போது வரும் இளஞ்சூடு என் உள்ளங்கையில் ஏறிற்று.

மூன்று மாதம் அசையாத முட்டி பிறகு எளிதில் மடங்காது என்று எனக்குத் தெரியும். வேறு வழி இருந்ததும் தெரியும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் ஊடாக ஒரு கம்பி செலுத்தி, எடை தொங்கவிட்டுக் காலை இழுத்துப் பிடித்தபடியே, படுக்கையில் முட்டியை மடக்கி நீட்ட வைக்கலாம். அது புத்தகத்தில் இருந்த முறைதான். பெரிய டாக்டருக்குக் கம்பி என்றாலே ஆகாது. கம்பி போன வழியில் சீழ் பிடித்துக் கால் போனவர்களை அவர் பார்த்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணம் மரியாதை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் தன் மகளின் கல்யாணத்துக்காக ஒரு மாத விடுப்பில் கும்பகோணம் கிளம்பினார்.

“கால் யாருது?”

அந்த ஞாயிறு நான் பட்டறைக்குப் போகவில்லை. கன்னியப்பன் வார்டுக்கு வந்தார். கையில் காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்று. செல்வியின் கட்டிலருகே நின்று அதைப் பிரித்தார். அந்த இரண்டு வெட்டுத் துண்டுகள். காய்ந்து, மஞ்சளடித்து, நகம் போலச் சுருண்டிருந்தன.

“மேடம், அமுக்கி உட்டதுலதான உள்ள போச்சு? சும்மா கெடந்ததுல மேலயே நின்னுச்சு. நீங்கதான காட்டினீங்க?”

“ஆமா.”

“அப்ப எம் பொண்டாட்டி முட்டிய மட்டும் ஏன் மேடம் அசையாம கட்டி வெச்சுக்கீறீங்க?”

அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதனால்தான் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

நான் எலும்பு சேர வேண்டும் என்றேன். அசைந்தால் உடைந்த துண்டு இன்னும் இறங்கிவிடலாம் என்றேன். அவர் அப்படியானால் குருத்து என்னாகும் என்றார். நான் கம்பி முறையைச் சொன்னேன். அவர் எடை எவ்வளவு, கப்பி எங்கே மாட்டுவது என்றார். நான் சீழ் வரலாம் என்றேன். ஒரு தாளை எடுத்து அவர் படம் போடத் தொடங்கிவிட்டார். நானும் குனிந்து அதில் கோடு திருத்தினேன்.

“யோவ்,” என்றாள் செல்வி.

இருவரும் நிமிர்ந்தோம்.

“கால் யாருது?”

கன்னியப்பன் பென்சிலைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பேரும் ஆட்டுக்காலு கணக்கா பேசிக்கினே கீறீங்க. என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

நான் நாற்காலியை இழுத்து அவள் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வழியையும் சொன்னேன். ஒன்றில் எலும்பு நேராகச் சேர வாய்ப்பு அதிகம், முட்டி மடங்க வாய்ப்பு குறைவு. இன்னொன்றில் முட்டி மடங்கும், ஆனால் எலும்பு கொஞ்சம் சாய்வாகச் சேரலாம், கம்பி வழியே சீழ் பிடிக்கலாம், பிடித்தால் ஆபத்து. 

அவள் கேட்ட கேள்விகள் இரண்டே. “மாவுக்கட்டுன்னா கீழ குந்த முடியாதா?”

“பெரும்பாலும் முடியாது.”

“பெடல் மிதிக்க?”

“கஷ்டம்.”

மாவுக்கட்டை விரலால் தட்டினாள். “சாஞ்சா சாயட்டும். வெளிக்குப் போனா குந்தி எந்திரிக்கணும். மிசின்ல உக்காரணும். நேரான காலு வெச்சுக்கினு இன்னா பண்றது? கழட்டுங்க.”

கும்பகோணத்துக்கு ஒரு போன்

பஸ் நிலையத்துக்கு எதிரே மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத். உள்ளே நின்றால் வியர்வை வழியும். கல்யாண வீட்டில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் நாதஸ்வரம்.

சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்,” என்றார். “நான் வந்து பார்த்துக்கறேன்.”

“சார், பேஷண்ட்டே கேக்கறாங்க.”

“பேஷண்ட்டுக்கு என்னம்மா தெரியும்? கட்டைத் தொடாதீங்க.”

போன் வைக்கப்பட்டது. பூத்திலிருந்து மருத்துவமனை வரை நடந்து வந்தது நன்றாக நினைவிருக்கிறது. தூறிக்கொண்டிருந்தது. லாரிகள் சேறு வாரி அடித்தன. எனக்கு எதுவுமே கேட்கவில்லை. நடக்கிற என் முட்டிகளை மட்டும் உணர்ந்துகொண்டிருந்தேன். ஒவ்வோர் அடிக்கும் ஊன்றி, கசிந்து, தூக்கி, உறிஞ்சி. யாரையும் கேட்காமல் அவை பாட்டுக்கு வேலை செய்தன.

அன்று மதியமே கட்டை வெட்டி எடுத்தேன். கேஸ் ஷீட்டில் ‘என் பொறுப்பில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் மேரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கம்பியைக் கொதிக்க வைக்கப் போனாள்.

மடக்கு, நீட்டு

நான் கம்பியைச் செலுத்தி முடித்ததும், கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் கன்னியப்பன் ஒரு கப்பி பொருத்தினார். முட்டிக்குக் கீழே மெத்தையை இரண்டாகப் பிரித்தோம். முதல் நாள் செல்வியால் கட்டைவிரல் அளவுக்குத்தான் மடக்க முடிந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. 

“நிறுத்தவா?”

“பேசாம இருங்க டாக்டரம்மா. எண்ணிக்கினு கீறேன்.”

ஒரு வாரத்தில் உள்ளங்கை நுழைகிற அளவு மடங்கியது. இரண்டாவது வாரம் இன்னும் கொஞ்சம். மதிய வேளைகளில் வார்டு தூங்கும். அவள் மட்டும் கூரையைப் பார்த்தபடி மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். கப்பி மெல்லக் கிறீச்சிடும். நான் வாசலில் நின்று கேட்பேன். உள்ளே அந்த இருட்டில், ஆளுக்கொரு குழியில் கிடக்கும் உயிரணுக்களுக்குத் தண்ணீர் போய் வருவதாக நினைத்துக்கொள்வேன். அது அறிவியலா, ஆசையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது.

கம்பி நுழைந்த இடத்தில் தோல் சிவந்து, அமுக்கினால் ஒரு சொட்டுச் சீழ். பெரிய டாக்டர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஊசி மருந்தை மாற்றினேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை நானே சுத்தம் செய்தேன். செல்வியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

காய்ச்சலின் இரண்டாம் நாள் காலையில், விடுப்பு முடியும் முன்பே, பெரிய டாக்டர் வந்து நின்றார். நேரே வார்டுக்கு வந்தார். கேஸ் ஷீட்டைப் படித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு என்னிடம், “கிண்ணத்தைப் பிடிங்க,” என்றார். கம்பியை உருவினார். துளையைக் கழுவினார். அரை மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. முடித்த பிறகு செல்வியிடம், “எவ்வளவு மடங்குது? காட்டு,” என்றார்.

காய்ச்சலோடு அவள் மடக்கினாள். ஏறக்குறைய செங்கோணம்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ம்,” என்றார்.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. துண்டு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூட்டுல ஒரு படி விழும். இருபது இருபத்தஞ்சு வருஷத்துல அந்தப் பக்கம் தேஞ்சு போகும். மடங்கும், நான் இல்லேங்கலை. ரெண்டும் நம்ம கணக்குல இருக்கணும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க இந்தப் பேஷண்ட் நடக்கற வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் வேற இடம் பார்த்துக்கோங்க. வேண்டாம்னு சொன்னதைச் செய்யறவங்களோட நான் வேலை செய்ய முடியாது.”

அவர் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றுமில்லை. காய்ச்சல் அடுத்த நாள் இறங்கிற்று. எக்ஸ்ரேயில் துண்டு இறங்கித்தான் இருந்தது.

பிறகு

பொங்கல் கழித்து ஊன்றுகோலை விட்டாள் செல்வி. வலது முட்டி லேசாக உள்பக்கம் சாய்ந்திருந்தது. நடையில் ஒரு சிறு ஆட்டம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஆனால் வார்டின் சிமெண்டுத் தரையில், எல்லோரும் பார்க்க, கையை ஊன்றாமல் குந்தினாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். கன்னியப்பன் வெளியே போய்விட்டார். நான் அந்த வாரமே பெட்டியைக் கட்டினேன். ஆய்வேடு எப்படியோ தேறியது. அதன் நன்றியுரையில் கன்னியப்பனின் பெயரைத் தட்டச்சு செய்தபோது, என்ன பட்டம் போடுவது என்று தெரியாமல் ‘திரு’ என்று மட்டும் போட்டேன்.

செல்வி மறுபடி பெடல் மிதித்தாள். லைனில் சூப்பர்வைசர் ஆனாள். அவ்வப்போது கடிதம் வரும், பிறகு போன் வரும். ஊர் மாறியதை அவள் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரகடம் சாலை இப்போது எவ்வளவு அகலம், எந்த வயலில் எந்த கார் கம்பெனி, எத்தனை பஸ். “முட்டி எப்படி?” என்றால், “கீது,” என்பாள்.

பெரிய டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. கால் நூற்றாண்டு போனபின் ஒருநாள் என் சென்னை அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை நரைத்திருந்தது. கூட வந்த கன்னியப்பனுக்குப் பல் இல்லை. எக்ஸ்ரேயில் வெளிப்பக்கம் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. 

மூட்டு மாற்று அறுவையை நானே செய்தேன். மறுநாள் காலை அவளைப் பார்க்கப் போனபோது முதல் கேள்வியே, “எடுத்தத காட்டுங்க,” என்பதுதான். 

நான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஒரு தட்டில் கொண்டு வந்தேன். அவள் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வெளிப்பக்கம் குருத்து துளிகூட இல்லை. வெற்றெலும்பு தந்தம்போலத் தேய்ந்து பளபளத்தது. உள்பக்கம் இன்னும் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. வழுவழுப்பாக, ஈரமாக. அதை ஒரு விரலால் தொட்டாள்.

“இது நல்லாத்தான கீது?”

“ஆமா.”

“இத்தையும் வெட்டிட்டீங்களா?”

“ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் எடுக்கணும் செல்வி. உனக்கு இருந்த நிலைமையில பாதியை மட்டும் விட முடியலை.”

அதன்மேலிருந்து விரலை எடுக்கவில்லை.

“பாவம். அது இன்னா பண்ணுச்சு?”

அவளே தட்டை என் கையில் கொடுத்தாள். போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

“எப்ப நடக்க உடுவீங்க?”

“நாளைக்குக் காலையில.”

“ஏன், இன்னிக்கு ஆவாதா?” என்றாள்.